புரொசெசர் வடிவமைக்க ஆசைப்படும் மகள்: திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

சாதாரணதரப் பெறுபேறு வந்த கையோடு மகள் "புரொசெசர் (கணினியின் மூளையான சிப்) வடிவமைக்கப் படிக்கப் போகிறேன்" என்று நிற்கிறா. நீங்களோ 2024இல் இன்டெல் பதினையாயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்ததையும், சிப்பின் வேகம் 6 கிகாஹேர்ட்ஸ் (நொடிக்கு 600 கோடி கடிகாரத் துடிப்பு) அளவில் முட்டி நிற்பதையும் கேள்விப்பட்டுக் கலங்கியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் வேகம் முட்டியதால்தான் அங்கே யோசிக்கிற ஆட்களின் தேவை கூடியது. உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்பதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

2000 மார்ச் 6இல் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 1 கிகாஹேர்ட்ஸ் அத்லோன் சிப்பை வெளியிட்டது. இரண்டே நாளில் இன்டெல் அதே வேகத்தில் பென்டியம் 3ஐ விட்டது. அந்த ஆண்டே அவசரமாக வந்த 1.13 கிகாஹேர்ட்ஸ் சிப் நிலையாக ஓடாததால் இன்டெல் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2004இல் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டம் கைவிடப்பட்டது, 3.8இல் அந்த ஓட்டம் நின்றது.

ஏன் நின்றது என்பதை மகளின் பௌதிகவியல் கொப்பியிலேயே போட்டுப் பார்க்கலாம். சிப் எரிக்கும் வலு, கொள்ளளவம் × வோல்ற்றளவின் வர்க்கம் × மீடிறன் (கடிகார வேகம்) என்ற பெருக்கத்தோடு கூடும். மீடிறனை 10% ஏற்ற வோல்ற்றளவையும் 10% ஏற்ற வேண்டி வந்தால், 1.1 × 1.1 × 1.1 = 1.33. பத்து வீத வேகத்துக்கு முப்பத்துமூன்று வீத வெப்பம். மாறாக இரண்டையும் 15% குறைத்தால் வலு 0.61 ஆகிவிடும். அப்படி இரண்டு கருக்களை (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளை) வைத்தால் மொத்த வலு 1.23, வேலையோ 1.7 மடங்குவரை முடியும். 2005இல் இரு நிறுவனங்களும் இரட்டைக் கருவுக்கு மாறிய கணக்கு இதுதான். இரண்டாகப் பிரிக்க முடியாத வேலைக்கு அந்த 1.7 கிடைக்காது. அதனால்தான் வேலையைப் பிரித்து எழுதத் தெரிந்த மென்பொருள் பொறியியலாளருக்கும் இங்கே இடம் இருக்கிறது.

அதன்பின் போட்டி, ஒரு கடிகாரத் துடிப்பில் எத்தனை கட்டளை முடிகிறது, நினைவகம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற பக்கம் திரும்பியது. 2020இல் வந்த ஆப்பிள் எம்1 வெறும் 3.2 கிகாஹேர்ட்ஸில் ஓடி, கூடிய மீடிறன் கொண்ட மடிக்கணினிச் சிப்கள் பலவற்றை முந்தியது. எல்லையைத் தள்ளிப் பார்ப்பவர்களுக்கு இப்போதும் அடி விழுகிறது: இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்கள் சில, மிகையான வோல்ற்றளவால் நாளடைவில் தடுமாறத் தொடங்கின. 2024இல் உத்தரவாதத்தை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டியது.

வடிவமைத்ததைச் சரிபார்ப்பது தனித் தொழில். 1994இல் பென்டியத்தின் வகுத்தல் பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டொலர் ஒதுக்கியது. ஒரு பிழை வெளியே போனால் அவ்வளவு செலவு என்பதால், சரிபார்ப்புக் குழுக்கள் பெரியவை. புதிதாக வருபவர்கள் நுழைய அது நல்ல வாசல். இலங்கையில் சிப் வார்க்கும் ஆலை இல்லை. வடிவமைப்பு, சரிபார்ப்பு வேலைகள் கொழும்பில் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. வெளிநாட்டு மேற்படிப்பையும் இப்போதே மனதில் வைத்திருங்கள்.

இனிப் பாடத் தெரிவு. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். "தொழில்நுட்பப் பிரிவு" என்ற பெயரை நம்பிப் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். அது பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகும் வழி. பொறியியல் பீடத்துக்கு அல்ல. தனியார் நிலையங்களின் "ஹார்ட்வெயார் கோர்ஸ்" கணினி பழுதுபார்க்கக் கற்றுத்தரும். அது நல்ல கைத்தொழில், ஆனால் சிப் வடிவமைப்போடு தொடர்பில்லை. அதற்காகக் காசு கட்ட வேண்டாம்.

இலக்கு மொறட்டுவை, பேராதனை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம். பல இடங்களில் துறையைத் தீர்மானிப்பது ஆரம்பகாலப் பெறுபேறு. அதனால் உள்ளே போனதும் ஓய்ந்துவிடக் கூடாது. கற்பிப்பது ஆங்கிலத்தில், தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் முதல் தவணையில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, சொற்களால். இன்றே ஒவ்வொரு பௌதிகவியல் அலகின் சொற்களையும் இரு மொழியிலும் எழுதி வைக்கட்டும். பொறியியல் கிடைக்காவிட்டால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் கணினி விஞ்ஞானம் இருக்கிறது. அங்கிருந்து தொகுப்பிகள் (நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்), மென்பொருள் வேகப்படுத்தல் என்ற பக்கத்தால் இதே துறைக்கு வரலாம்.

வீட்டுப் பயிற்சிக்கு விலை கூடிய கணினி தேவையில்லை. 8 ஜிபி நினைவகம் போதும், 16 இருந்தால் நிம்மதி. பெட்டியில் அச்சிட்ட கிகாஹேர்ட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். அது குறுகிய நேர உச்சம். நம் ஊர் வெயிலில் மின்விசிறித் துளையில் தூசி அடைத்த மெல்லிய மடிக்கணினி, சூடு 95 பாகை செல்சியஸைத் தாண்டியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

முதலில் லொஜிசிம் என்ற இலவச மென்பொருளில் 4 பிட் கூட்டியை (இரண்டு சிறிய எண்களைக் கூட்டும் சுற்றை) வரையட்டும். பிறகு சுற்றை எழுத்தில் விவரிக்கும் வெரிலொக் மொழி, அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் இகாரஸ் உருவகப்படுத்தி. அதற்குப் பிறகுதான், எழுதிய சுற்றை ஏற்றி ஓட்டக்கூடிய டாங் நானோ 9கே போன்ற மலிவான பலகை. அதில் 27 மெகாஹேர்ட்ஸ் கடிகாரம் இருக்கிறது. துடிப்புகளை எண்ணும் சிறு சுற்று ஒன்று உடனே ஓடும். பல பெருக்கல்களை ஒரே துடிப்பில் கோர்த்தால் நேரம் போதவில்லை என்று மென்பொருள் சொல்லும். நடுவில் ஒரு பதிவகம் (இடை விடையைப் பிடித்து வைக்கும் இடம்) வைத்தால் மீடிறன் ஏறும், விடை ஒரு துடிப்பு பிந்தும். பென்டியம் 4 இப்படியே ஒரு கட்டளையின் வேலையை 20 படி, பிறகு 31 படி என்று பிரித்து நீண்டது. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று (கிளையை) சிப் தவறாக ஊகித்தால் அத்தனை படிகளில் இருந்த வேலையும் வீண். பலகையில் இதை ஒருமுறை கண்டால் மகளுக்குத் துறை பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

உயர்தரம் முடியும்வரை வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதற்கு வேண்டாம். பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். பலகையை அப்போது வாங்குங்கள். இந்த வாரம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, திருகோணமலை மாவட்டத்துக்கான பொறியியல் இசட் வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளியை) கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் குறித்து மகளிடம் கொடுங்கள். மாவட்ட ஒதுக்கீட்டோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5% ஒதுக்கீடும் நமக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.