அந்நியபாஷை பேசாதவருக்கு வரமே இல்லையா?

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம். யாங்கோனில் உள்ள தங்கள் தமிழ்ச் சபையில், உபவாச ஜெபத்தின் முடிவில், அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால், தான் கற்றறியாத மொழியில் பேசுவது) பேசாதவரிடம் ஆவியானவர் இல்லை என்று மூப்பர் ஒருவர் கூறியதாகவும், இருபது ஆண்டுகளாக நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவரும் தாங்கள் அன்றிரவு உறங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

1 கொரிந்தியர் 12:30ஐ எடுத்துப் பாருங்கள். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கேட்பது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே, கிரேக்க மூலத்தின் வினா அமைப்பே அதைக் காட்டுகிறது. ஆவியானவரின் அபிஷேகம் பெற்றதற்கான முதல் அடையாளம் வேறு, சபையில் செயல்படும் பாஷை வரம் வேறு என்று அப்போஸ்தலர் 2ஐக் காட்டிப் பிரித்துப் பேசும் பெந்தெகொஸ்தே போதகர்கள்கூட, பாஷை பேசாத விசுவாசியிடம் ஆவியானவரே இல்லை என்று பொதுவாகப் போதிப்பதில்லை.

அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் நம் வேதாகமம் "ஊழியங்கள்" என்று தரும் சொல், மூலத்தில் பிறருக்குத் துணைநிற்பதைக் குறிக்கிறது. தங்கள் கையிலுள்ள தூக்குப்பாத்திரம் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. பாஷை என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன். 1813இல் ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) வந்திறங்கிய அவர், பர்மிய மொழியை வரமாகப் பெறாமல், ஆசிரியரிடம் எழுத்தெழுத்தாகக் கற்றார், முதல் விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819வரை காத்திருந்தார்.

மூப்பருடன் சபை நடுவில் வாதிட வேண்டாம். தனியே சந்தித்து, அதே நிருபத்தின் 14:27, 28 வசனங்களின்படி அன்று பேசப்பட்டதற்கு அர்த்தம் சொல்ல யாரேனும் இருந்தார்களா என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள்.