வாசகர் கேள்வி பதில்: தன் வலையில் சிலந்தி சிக்காதது ஏன்?

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சாளையின் தாழ்வாரத்தில் எட்டுக்கால் பூச்சி ஒன்று வட்டமாக வலை கட்டியிருக்கிறது. ஈயும் கொசுவும் பட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் அதே வலையில் அது மட்டும் தாராளமாக ஓடித் திரிகிறது. பலாப்பழம் அரிகிறவர்கள் கையில் எண்ணெய் பூசிக்கொள்வதைப் போல அதன் காலிலும் எண்ணெய் இருக்கிறது என்று படித்த காலத்தில் சொன்னார்கள். உண்மைதானா?
(காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: பாதி உண்மை. அதைவிட முதன்மையான காரணம், வலையின் எல்லா இழைகளும் ஒட்டும் இழைகள் அல்ல என்பதே. நடுவிலிருந்து நாலாபுறமும் ஓடும் ஆரை இழைகளிலும், வலையைத் தாங்கும் வெளிச்சட்ட இழைகளிலும், சிலந்தி உட்கார்ந்திருக்கும் மையப் பகுதியிலும் பசை கிடையாது. சுற்றிச் சுற்றி வரும் சுருள் இழையில் மட்டுமே நுண்ணிய பசைத் துளிகள் வரிசையாகத் திரண்டு நிற்கின்றன. ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து, முதலில் ஆரை இழையையும் பிறகு சுருள் இழையையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஆரை இழை குச்சியை விட்டு உடனே விலகிவிடும். சுருள் இழையோ குச்சியோடு ஒட்டிக்கொண்டு, தன் நீளத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக நீண்டுகொடுத்த பிறகே அறுபடும். இரை விழுந்ததும் சிலந்தி மையத்திலிருந்து பாய்ந்து செல்லும் பாதை பெரும்பாலும் இந்த ஆரை இழைகளின் வழியாகத்தான். பல வலைகள் சற்றுச் சாய்ந்தே இருக்கும். சிலந்தி அவற்றின் அடிப்பக்கமாகத் தொங்கியபடி நடப்பதால் அதன் உடலும் வயிறும் பசையிலிருந்து தாமாகவே விலகி நிற்கின்றன.

ஆனால், பசையைத் தொடாமலே காலம் தள்ளிவிட முடியாது என்பதில்தான் உங்கள் கேள்வியின் சுவாரசியம் இருக்கிறது. வலை கட்டும்போது சிலந்தி முதலில் ஆரைகளை இழுத்து, அவற்றின்மேல் பசையில்லாத தற்காலிகச் சுருள் ஒன்றை உள்ளிருந்து வெளியே போட்டுவைக்கிறது. பிறகு அதையே மிதிபடியாகக் கொண்டு, வெளியிலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருளைச் சுற்றிக்கொண்டே, பழைய சுருளை அறுத்து அகற்றிவிடுகிறது. பசை இழையை ஒவ்வோர் ஆரையிலும் ஒட்டும்போது பின்னங்கால் அந்த இழையைப் பிடித்துத் தள்ளியாக வேண்டும். 30 ஆரைகளும் 30 சுற்றுகளும் உள்ள வலையென்றால் 900 முறை!

அந்த 900 முறையும் கால் விடுபடுவது எப்படி என்பதை, கோஸ்டா ரிக்காவில் பணியாற்றிய பிரிசேனோ, எபர்ஹார்டு என்னும் இருவர் நுண்ணோக்கியோடு இணைத்த ஒளிப்பதிவுக் கருவியின் துணையால் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். காலின்மேல் அடர்ந்துள்ள கிளைத்த மயிர்களின் நுனிகளில் மட்டுமே பசை படுவதால் ஒட்டும் பரப்பு மிகக் குறைவு. காலை இழுக்கும்போது பசைத் துளி மயிர் வழியே நுனிக்கு வழுக்கிச் சென்று கழன்றுவிடுகிறது. சிலந்தியும் காலை வெடுக்கென்று பிடுங்காமல், மயிர் சாய்ந்திருக்கும் போக்கிலேயே பக்குவமாக உருவிக்கொள்கிறது. கால் நுனியில் உள்ள நகங்களில் நடுநகம் இழையைக் கொக்கியாக வளைத்துப் பிடிக்கிறது. பிடி தளர்ந்ததும் அதன் எதிரே உள்ள வளைந்த மயிர்கள் இழையை வெளியே தள்ளிவிடுகின்றன.

எண்ணெய்க் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ஃபாப்ர் (1823–1915) சிலந்தியின் கால் ஒன்றைத் தனியே எடுத்துப் பசை இழையில் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அதையே கொழுப்பைக் கரைக்கும் கார்பன் டைசல்ஃபைடில் ஊறவைத்துக் கழுவிய பிறகு வைத்தபோது நன்றாக ஒட்டிக்கொண்டது. பிரிசேனோவும் எபர்ஹார்டும் ஹெக்சேன் என்னும் கரைப்பானாலும் நீராலும் கழுவிப் பார்த்தபோதும் கழுவிய கால்களே கூடுதலாக ஒட்டின. ஆகவே காலின்மேல் ஒட்டாத பூச்சு ஒன்று இருப்பது மெய். அதை மட்டுமே முழு விடையாகச் சொல்லிக்கொடுப்பது, வலையின் அமைப்பையும் சிலந்தியின் நடையையும் மறந்துவிடுவதாகும்.

கேள்வி: கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலியில் அழுக்கேறிய பஞ்சைத் திணித்து வைத்தது போன்ற கூடுகளில் நிறைய சிலந்திகள் ஒன்றாக வாழ்கின்றனவே, அவை ஒன்றின் வலையில் இன்னொன்று மாட்டிக்கொள்ளாதா?
(பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஸ்டெகோடைஃபஸ் என்னும் கூட்டுவாழ் சிலந்தியாக இருக்கும். அங்கே ‘என் வலை, உன் வலை’ என்ற பிரிவே இல்லை. கட்டுவதும் வேட்டையாடுவதும் உண்பதும் கூட்டாகவே நடக்கின்றன. இவற்றின் இழையில் பசைத் துளியும் கிடையாது. மிக மெல்லிய எண்ணற்ற நாரிழைகளைப் பின்னங்காலில் உள்ள மயிர்ச்சீப்பால் வாரிச் சிக்குப்படுத்திவிடுவதால், பூச்சியின் கால் அதில் உலர்ந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. இப்படி நார் வாரும் சிலந்தி இனம் ஒன்றின் சீப்பை ஜெர்மனியின் ஆகென் நகர ஆய்வாளர்கள் சோதித்து, அதன் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய வரிகளே நாரிழை சீப்போடு ஒட்டாமல் காக்கின்றன என்று 2020இல் காட்டினார்கள்.

வேற்று இனத்தின் வலையென்றால் கதை வேறு. வலை கட்டாத வேட்டைச் சிலந்திகள் பிறர் வலையில் விழுந்து இரையாவதும் உண்டு. ஆர்கைரோடஸ் என்னும் சிறு சிலந்தியோ பெரிய சிலந்திகளின் வலையிலேயே குடியிருந்து, அங்கே விழும் சிறு பூச்சிகளைத் திருடித் தின்று பிழைக்கிறது.

கேள்வி: மார்கழிக் காலையில் கொழுக்கட்டைப் புல்லின்மேல் பனித்துளியோடு விரிந்து கிடக்கும் வலைகளும் ஒட்டுமா?
(தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒட்டாது. ஓரத்தில் புனல் வடிவக் குழாய் இருந்தால் அது ஹிப்பாசா வகைச் சிலந்தியின் விரிப்பு. நெருக்கமாகப் பின்னிய அந்த விரிப்பில் பூச்சி கால் இடறித் தடுமாறும் சிறு பொழுதே அதற்குப் போதும். குழாயிலிருந்து பாய்ந்து விரிப்பின் மேற்புறமாகவே ஓடிச்சென்று கவ்விக்கொண்டு, மறுபடியும் குழாய்க்குள் போய்விடும்.