ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகாதீர்கள், தம்பி

காமன் கூத்து இரவில் ஒருவன் உங்கள் அப்பாவை இழிவாகப் பேசினான், இப்போது ஒத்தைக்கு ஒத்தை மோதக் கூப்பிடுகிறான், போகாவிட்டால் தோட்டத்து லய வீடுகளில் தலைகாட்ட முடியாது என்கிறீர்கள். தம்பி, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் மூத்த மகன் பிலிப்பும் அப்பாவைப் பழித்தவனோடுதான் துப்பாக்கிச் சண்டைக்குப் போனான். 1801இல், பத்தொன்பது வயதில் செத்தான். அந்த அப்பாவுக்கு என்ன மானம் மிஞ்சியது? 1804இல் அவரும் அப்படியொரு துப்பாக்கிச் சண்டையில்தான் போனார்.

தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். பேசிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் அவன் மன்னிப்புக் கேட்கட்டும். மசியாவிட்டால் மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுங்கள். பிணக்குகளைப் பேசித் தீர்க்க இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சபை அது. சட்டத்தரணி இல்லாமல் நீங்களே பேசலாம். அப்புறம், ஞாயிறன்று அப்பா பக்கத்திலேயே இருங்கள்.