சிஸ்டர் பதில்கள்: அடக்கி வைத்த தாகம்

கேள்வி: ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். எங்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில் இருக்கிறது. இரண்டு தடவை போனாலே சூப்பர்வைசர் முகம் மாறிவிடும். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வருடம் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. டாக்டர் நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். எப்படிக் குடிப்பது சிஸ்டர்?
*26 வயது வாசகி, ஈரோடு*

பதில்: தங்கச்சி, உன்னை அப்படியே கூப்பிடுகிறேன். தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்கிறோம், குடித்துவிட்டு எங்கே போவாய் என்று யாரும் கேட்பதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறுவை சிகிச்சை வார்டில் நைட் டியூட்டி பார்த்தேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். எங்கள் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பாதி நாள் குழாயில் தண்ணீரும் வராது. எட்டு மணிக்கு ஒரு டீ குடித்தால் அதோடு சரி, விடியும் வரை வாயில் ஒரு சொட்டு வைக்க மாட்டேன். நாலாவது வருடம் ஒரு விடியற்காலை, ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. வலி அடிவயிறு வரை இழுத்தது. ஸ்கேனில் ஆறு மில்லிமீட்டர் கல். அன்று என் வார்டிலேயே ஒரு கட்டிலில் படுத்துக் கிடந்தேன். அது தானாக வெளியேற பதினொரு நாள் ஆனது.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் இருப்பதைச் சேமிக்கப் பார்க்கும். சிறுநீர் கெட்டியாகும், அதில் கரைந்திருக்கும் உப்புகள் மெல்லப் படிகமாகும். கல் இப்படித்தான் பிறக்கிறது. பெண்களுக்குச் சிறுநீர்ப்பாதை குட்டையானது, கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் போனால் அது அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கி வைத்தால் அங்கேயே பெருகும். உன்னைப் போலத் தொற்று திரும்பத் திரும்ப வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த 140 பெண்களை ஒரு வருடம் கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். அவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 1.7 தடவைதான் தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 தடவை. கூடுதலாகக் கொடுத்தது வெறும் தண்ணீர்தான்!

சரி, உன் கடைக்கு வருவோம். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர், டிபனோடு ஒரு டம்ளர். குடித்ததில் உடம்புக்கு வேண்டாதது ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் போய்விட்டு வரலாம். கடையில் சாப்பாட்டு நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் ஒன்றரை டம்ளர், மாலை டீ நேரத்துக்கு முன்னாலும் அதே அளவு. அந்த இரண்டு இடைவேளையிலும் அவசரம் இல்லாவிட்டாலும் மாடிக்குப் போய் வா. நடுநடுவே பாட்டிலில் இருந்து ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. மோர், ரசம், டீ எல்லாமே கணக்கில் சேரும். பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு ராத்திரி ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடித்து ஈடுகட்டப் பார்க்காதே. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் போதுமான அளவு குடிக்கிறாய் என்று அர்த்தம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் மட்டும் அந்த நிறத்தை நம்பாதே, அது மஞ்சளாக்கிவிடும்.

அப்புறம் ஒன்று. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். அதுவரை நாள் பூராவும் நிற்பது வேலையின் ஒரு பகுதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீ தனியாகப் பேச வேண்டாம். உன் பிரிவில் நாலைந்து பேர் சேர்ந்து மேனேஜரைப் பார்த்து, கழிப்பறைக்குப் போவதைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று கேளுங்கள். டாக்டர் சீட்டையும் எடுத்துப் போ. குளிர் காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

கேள்வி: என் பிள்ளைக்கு நான்கு மாதம். வெயிலுக்குத் தொண்டை காயும் என்று அத்தை சங்கில் தண்ணீர் கொடுக்கிறார். சரியா?
*இளம் தாய், திருவண்ணாமலை*

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை அக்னி நட்சத்திரத்திலும் அது போதும். தண்ணீர் கொடுத்தால் பிள்ளை பால் குடிப்பது குறையும், பேதியும் வரலாம். அத்தைக்குப் பிள்ளை மேல் இருக்கிற அக்கறையில் செய்வது, கோபப்படாமல் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் தடுப்பூசிக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், அங்கிருக்கும் சிஸ்டர் சொன்னால் எடுபடும்.

கேள்வி: மகனுக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன், அட்டைப் பெட்டியில் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி ஒன்று கொடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?
*வாசகர், தஞ்சாவூர்*

பதில்: ஒன்றே இல்லை. அப்படிப்பட்ட பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை இன்னும் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை இல்லாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிடக்கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பவுடர் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் முழுவதும் கரைக்க வேண்டும், கால் பாக்கெட்டைக் கண் அளவில் டம்ளரில் போடக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை, அதாவது இந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைத்தான், டிரம்மில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார். அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்தவள் என்பதால் அளவில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

கேள்வி: மாமனாருக்கு 72 வயது, இதயம் பலவீனம். டாக்டர் ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார். வாட்ஸ்ஆப்பில் மூன்று லிட்டர் என்று வந்ததைப் பார்த்து அவர் குடித்துக்கொண்டே இருக்கிறார்.
*குடும்பத் தலைவி, வேலூர்*

பதில்: உடனே நிறுத்துங்கள். பலவீனமான இதயத்தால் அவ்வளவு தண்ணீரைச் சமாளிக்க முடியாது, கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். காபி, மோர், கஞ்சி குடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதே அளவைப் பாட்டிலில் இருந்து எடுத்துவிடுங்கள். நாக்கு வறண்டால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.