டிகோடர் வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள்: கேள்வி-பதில்

மாடல் ரயில் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "அண்ணாச்சி, என் இஞ்சினுக்கு எந்த டிகோடர் நல்லது?" டிகோடர் என்பது மாடல் இஞ்சினுக்குள் உட்கார்ந்து, தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்னச் சர்க்யூட். அளவு எச்ஓவா (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), அதைவிடச் சின்ன "என்" (N) ஸ்கேலா, உள்ளே சாக்கெட் இருக்கிறதா, இஞ்சின் பழசா புதுசா, ஒரு தகவலும் கிடையாது. ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறி "ஒரு டிக்கெட்" என்று மட்டும் சொன்னால் கண்டக்டர் எந்த ஊருக்குக் கிழிப்பார்? விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில். ஒரே ஒருவர் விதிவிலக்கு, அவர் கடைசியில் வருகிறார்.

பாளையங்கோட்டை வாசகர்: புது எச்ஓ டீசல். 8 பின் சாக்கெட்டில் டிகோடரைச் செருகினேன். ஓடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை. டிகோடர் பழுதா?

பிளக்கைத் திருப்பிச் செருகியிருக்கிறீர்கள். உங்கள் 8 பின் சாக்கெட்டின் தரப் பெயர் என்இஎம் 652; அதில் 1, 5 மோட்டாருக்கு; 4, 8 தண்டவாளத்துக்கு. தலைகீழாகப் போட்டாலும் மோட்டார் வயர் மோட்டாருக்கும் தண்டவாள வயர் தண்டவாளத்துக்கும்தான் போகும், அதனால்தான் ஓடுகிறது. விளக்குகளுக்குப் பொதுவான நீல வயர் மட்டும் பச்சை வயரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். சாக்கெட்டில் 1 என்று குறித்திருக்கும் முனையில் ஆரஞ்சு வயர் வர வேண்டும். கழற்றித் திருப்பிப் போடுங்கள், அவ்வளவுதான்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: முகப்பு விளக்குக்கு வெள்ளை எல்இடி போட்டேன். ஒரு மின்னு மின்னிப் போய்விட்டது.

மின்னோட்டத்தைக் குறைக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடவில்லை. ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக ஒன்று. மறக்காதீர்கள்.

செங்கோட்டை வாசகர்: சின்ன வயதில் பார்த்த மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4 இஞ்சினை எச்ஓ அளவில் செய்துகொண்டிருக்கிறேன். எந்தச் சவுண்ட் டிகோடர்? முன்னால் ஒன்று, பின்னால் தள்ளுவதற்கு ஒன்று என இரண்டு ஓட்ட ஆசை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் செங்கோட்டை-கொல்லம் பாதையின் பதிமூன்று கண் பாலம் கண்ணுக்குள் வந்துவிட்டது. கொல்லம் பாதையில் 1904-இல் தொடங்கிய மீட்டர் கேஜ் 2010-இல் நின்றது. இப்போது அகலப் பாதையில் ரயில் போகிறது, ஆனால் அந்தப் பழைய இஞ்சின் மூச்சு வாங்கும் சத்தம் போயே போச்சு.

விஷயத்துக்கு வருவோம். ஒய்டிஎம்-4-க்குள் இருந்தது ஆறு சிலிண்டர் ஆல்கோ 251. கடையில் "ஆல்கோ 251" என்று மட்டும் கேட்டால் பதினாறு சிலிண்டர் சத்தத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது அகலப் பாதை டபிள்யூடிஎம்-2-க்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. அமெரிக்க எஸ்-6 ஷண்டிங் இஞ்சின் அல்லது அலாஸ்கா பக்கம் வைட் பாஸ் பாதையில் ஓடிய டிஎல்535 சத்தம் இருக்கிற டிகோடராகப் பாருங்கள். நம் ஒய்டிஎம்-4-உம் அந்த டிஎல்535 குடும்பம்தான். தண்டவாளம் 12 மி.மீ. அகலம் என்பது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டு இஞ்சினுக்கும் ஒரே கம்பெனி டிகோடர், ஒரே மாடலாக வாங்குங்கள். கலந்து வாங்கினால் வேகத்தை ஒன்றுக்கொன்று பொருத்துவதற்குள் தாவு தீர்ந்துவிடும். டிகோடரின் அமைப்புகளை எண்ணாகச் சேமிக்கும் இடங்களுக்குச் சிவி என்று பெயர். சேர்ந்து ஓடும் இஞ்சின்களுக்கான பொது முகவரி சிவி19; அதில் இரண்டுக்கும் ஒரே எண், உதாரணமாக 15. பின்னால் தள்ளுகிற இஞ்சின் முகம் திருப்பி நின்றால் அதற்கு மட்டும் 128 கூட்டி 143. முகம் ஒரே பக்கமென்றால் கூட்ட வேண்டாம்.

நாங்குநேரி வாசகர்: பழைய டிசி இஞ்சின் (டிகோடர் இல்லாமல் தண்டவாள மின்சாரத்தில் நேராக ஓடுவது), கைமாற்றாக வாங்கியது. சாக்கெட் கிடையாது, நானே வயர் பற்றவைத்தேன். இரண்டு டிகோடர் புகைந்துவிட்டன. மட்டமான சரக்கை நம் தலையில் கட்டுகிறார்களா?

இந்தக் கடிதத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒன்றாவது வரும். புகைந்தது டிகோடர், திட்டு வாங்குவது கடைக்காரர், தப்பு மட்டும் நம்முடையது. அளந்து பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு எண்கூட இல்லையே.

முதலில் என் கதையைக் கேளுங்கள். என் முதல் டிகோடர் இருபது நொடி உயிரோடு இருந்தது. பழைய இஞ்சின்களில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கீழ் பிரஷ்ஷைத் தாங்கும் செம்புத் தகடு நேராக இரும்புச் சட்டத்தில் அழுத்தி உட்கார்ந்திருக்கும். டிசியில் அதுதான் மின்சாரம் வருகிற வழி. நான் மேலே தெரிந்த வயரை மட்டும் வெட்டிவிட்டு, கீழே குனிந்து பார்க்கவில்லை. தண்டவாளத்தில் வைத்துக் குமிழைத் திருகினேன். சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டியிருக்க, டிகோடரின் மோட்டார் வயரும் அதே சட்டத்தோடு ஒட்டியிருக்க, மின்சாரம் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. சிப் மேல் கடுகளவு கொப்புளம், அதன் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. இன்றைக்கும் மேசை டிராயரில் கிடக்கிறது. யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவேன்.

ஆகவே இரண்டு சோதனை. முதலாவது, மல்டிமீட்டரை பீப் அடிக்கிற இடத்தில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு பிரஷ் முனைக்கும் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் நடுவே தொட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் பீப் கேட்டாலும் டிகோடரைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள். தகட்டுக்கு அடியில் சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒட்டலாம், இரும்புத் திருகை எடுத்துவிட்டு நைலான் திருகு போடலாம்.

இரண்டாவது, மோட்டார் அடைத்து நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பது. 12 வோல்ட் டிசி கொடுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வரிசையில் சேருங்கள். மோட்டார் தண்டில் இருக்கும் கனமான சக்கரத்தை (ஃப்ளைவீல்) விரலால் பிடித்து நிறுத்தி, இரண்டு நொடிக்குள் எண்ணைப் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். அதற்கு மேல் பிடித்தால் மோட்டார் சுட்டுப்போகும். இன்றைய எச்ஓ மோட்டார் அரை ஆம்பியரில் நிற்கும், மிஞ்சினால் ஒன்று. பழைய திறந்த மோட்டார் இரண்டைத் தொடும், சிலது அதையும் தாண்டும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டு வோல்ட் பார்க்கப் போனால் மீட்டர் போகும்.

இப்போது டிகோடர் பெட்டியைப் பாருங்கள். "2 ஆம்பியர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு நொடி தாங்குகிற உச்சம். தொடர்ந்து தாங்குவது கீழே எறும்பு எழுத்தில் 1 என்று இருக்கும். நீங்கள் அளந்த எண் அந்தச் சின்ன எழுத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் மோட்டாரை மாற்றுங்கள், மூன்றாவது டிகோடரைப் பலி கொடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்பைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைக்கும் துண்டு) வைத்து முகவரியைப் படித்துப் பாருங்கள். அங்கே மின்னோட்டம் கால் ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், தப்பிருந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எத்தனை தடவைதான்வே சொல்றது!

அம்பாசமுத்திரம் வாசகர்: டிகோடர் எங்கும் தொட்டுவிடக் கூடாது என்று கருப்பு இன்சுலேஷன் டேப்பை நான்கு சுற்று சுற்றியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திவிட்டால் யார்தான் நிற்பார்கள்? சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, நல்ல வேளை. டேப்பை உரித்துவிட்டு, தொடக்கூடிய இடத்தில் மட்டும் கேப்டான் ஒரு அடுக்கு ஒட்டுங்கள். தண்டவாள வோல்டேஜ் எச்ஓவுக்கு 14, 15 போதும். மோட்டாரை அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

தென்காசி வாசகர்: நான்கு சக்கரக் குட்டி இஞ்சின். பாதை பிரியும் இடத்தில் நின்று நின்று போகிறது. கெப்பாசிட்டர் வைத்த டிகோடர் வாங்கலாமா?

சாரல் காலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஈரத்தில் தண்டவாளமும் சக்கரமும் கருத்துப்போகும். முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து இரண்டையும் துடையுங்கள். உப்புத்தாள் தொடாதீர்கள், கீறலில் அழுக்கு குடியேறிவிடும். துடைத்த பிறகும் நின்றால், மின்சாரம் விட்டுப்போகும் நொடியில் கைகொடுக்கும் கெப்பாசிட்டர் வையுங்கள். 25 வோல்ட் தாங்குவதாக, பிளஸ் மைனஸ் பார்த்து. கெப்பாசிட்டர் இருக்கும்போது சில டிகோடர்கள் புரோகிராமிங் தண்டவாளத்தில் முரண்டு பிடிக்கும், அப்போது ஒரு முனையைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவி வாசகர்: சிவி எல்லாம் மாற்றி மாற்றி எது எது என்றே தெரியவில்லை.

பெரும்பாலான டிகோடர்களில் சிவி8-இல் 8 எழுதினால் பழைய நிலைக்கு வரும். முகவரி 3 ஆகிவிடும். சில கம்பெனிகளுக்கு வேறு எண், கூட வந்த தாளைப் பாருங்கள். இனிமேல் மாற்றுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

திசையன்விளை வாசகர்: எங்கள் ஊர்த் தேரிச் செம்மணலைச் சலித்துத் தண்டவாளத்துக்கு இரு புறமும் ஒட்டலாமா? நிறம் அருமையாக இருக்கிறது.

நிறம் அருமைதான், நானும் ஆசைப்பட்டவன். ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அந்த மணலில் புரட்டிப் பாருங்கள். கருப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அது மோட்டார் காந்தத்திலும் அப்படியே போய் ஒட்டும், பிறகு பல்சக்கரத்தை அரைக்கும். காந்தத்தில் எதுவும் வராத வரை புரட்டி எடுத்துவிட்டு, பசையில் நன்றாக இறுகிய பிறகு இஞ்சினை ஏற்றுங்கள். ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள்.

பெயரும் ஊரும் எழுதாத வாசகர்: படம் இணைத்துள்ளேன். எந்த டிகோடர் என்று உடனே சொல்லவும்.

படத்தில் இருப்பது ஒரு அட்டைப் பெட்டி. அதன் மேல் இன்னொரு பெட்டி. திறந்து, இஞ்சின் மூடியையும் கழற்றி, உள்ளே இருப்பதைப் படமெடுத்து அனுப்புங்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுத்தது என்பதைப் படத்தின் பின்னால் எழுதுங்கள்.