வண்டலை வடிகட்டிவிட்டால் டர்பைன் தேயாதா?

கேள்வி இதுதான்: இமயமலை ஆறுகளில் உள்ள நீர்மின் நிலையங்களில் மணலால் டர்பைன் தேய்கிறது என்றால், அந்த மணலை முன்பே வடிகட்டிவிட முடியாதா? முடியாதென்றால் ஆய்வாளர்கள் என்னதான் செய்கிறார்கள்? எட்டு ஆண்டுகளாக இதே ஆய்வில் இருப்பதால் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

வடிகட்டத்தான் செய்கிறார்கள், அதற்கு ஓர் எல்லை உண்டு. சட்லெஜ் ஆற்றின் 1500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தில், மலையைக் குடைந்து தலா 525 மீட்டர் நீளத்தில் நான்கு வண்டல் படிவு அறைகள் கட்டியிருக்கிறார்கள். நீர் மெதுவாக நகரும் அந்த அறைகளில் 0.2 மில்லிமீட்டரை விடப் பெரிய துகள்கள் அடியில் தங்கிவிட வேண்டும் என்பது வடிவமைப்பு. அந்த அளவுள்ள மணல் அசையாத நீரில் நொடிக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும், 0.05 மில்லிமீட்டர் மணலோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். அதையும் பிடிக்க நினைத்தால் அதே அகலத்திலும் உயரத்திலும் ஐந்து கிலோமீட்டருக்கு அறை குடைய வேண்டும். ஆகவே, கண்ணுக்கு வெறும் கலங்கலாகத் தெரியும் நுண்மணல் டர்பைனுக்குள் போயே தீரும்.

இந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. ரன்னர், அதாவது டர்பைனின் சுழலும் சக்கரத்தை வார்க்கப் பயன்படும், 13 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகு அதைவிட மென்மையானது. அதற்கு மேல் வேகமும் சேர்கிறது. நேபாளத்தின் கிம்தி நிலையத்தில் நீர் 684 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, நீர்த்தாரை மோதிச் சுழலும் வகையான பெல்டன் சக்கரத்தை மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தாக்குகிறது. தேய்மானம் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் தேய்மானம் எட்டு மடங்காகும்.

ஆய்வகத்தில் முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்த ஒரு தவறு இதைப் புரிந்துகொள்ள உதவும். எஃகுத் துண்டுகளை மணல் கலந்த நீரில் சுழலவிட்டு, மணிக்கொரு முறை எடுத்துத் துடைத்து, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் எடை பார்ப்பேன். நேரம் ஆக ஆக எடை இழப்பு குறைந்துகொண்டே வந்தது. எஃகின் மேற்பரப்பு இறுகுகிறது என்று நம்பி மூன்று மாதம் அந்த வழியிலேயே போனேன். கடைசியில் தொட்டியின் மணலை நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் விளங்கியது: உடைத்த கண்ணாடி போல் கூர்முனைகளோடு ஆற்றிலிருந்து வந்த மணிகள், திரும்பத் திரும்பச் சுழன்றதில் முனை மழுங்கி உருண்டிருந்தன. மாறியது எஃகு அல்ல, மணல். நிலையத்திலோ ஒவ்வொரு நொடியும் புதிய கூர்மணல் வருகிறது. அன்று முதல் மணலை அடிக்கடி மாற்றாமல் எந்தச் சோதனையும் செய்வதில்லை.

ரன்னர் முழுவதும் நீரால் நிரம்பிச் சுழலும் பிரான்சிஸ் வகை டர்பைனில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ரன்னரை விட, அதற்கு முன்னால் நின்று நீரைத் திருப்பிவிடும் வழிகாட்டித் தகடுகள்தான். அவை திரும்ப வேண்டியவை என்பதால் இரு முனைகளிலும் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டே ஆக வேண்டும். தகட்டின் ஒரு பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருப்பதால் நீர் அந்த இடுக்கு வழியே பீறிட்டுப் பாய்கிறது. கூடவே போகும் மணல் இடுக்கைப் பெரிதாக்க, பெரிதான இடுக்கில் இன்னும் அதிக நீர் பாய, அது சுழலாக மாறி ரன்னரின் நுழைவாயிலையும் அரிக்கிறது. கழற்றி வைத்த தகட்டின் முனையில் விரலை ஓட்டினால் மீன் செதில் போன்ற வரிகள் தட்டுப்படும். நேபாளத்தின் 12 மெகாவாட் ஜிம்ருக் நிலையத்தில் 2003 மழைக்காலத்தின் இறுதியில் ஏறக்குறைய இரண்டே மாதங்களில் டர்பைனின் செயல்திறன் 4 சதவீதமும், குறைந்த சுமையில் 8 சதவீதமும் சரிந்ததை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

டங்ஸ்டன் கார்பைடு தூளை அதிவேகச் சுடரில் தெளித்துப் பூசுவது இன்று பரவலான தீர்வு. அது நல்ல பலன் தருகிறது. ஆனால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனே உள்ள அந்தப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால், அந்தக் குழியைச் சுற்றி நீர் சுழன்று மிக விரைவாக அரித்துவிடும். ஆகவே தகட்டின் இரு பக்க அழுத்த வேறுபாட்டையே குறைக்கும் குறுக்குவெட்டு வடிவங்களைத் தேடுவதுதான் நிலையான வழி என்பது என் கருத்து. காத்மாண்டு பல்கலைக்கழகத்தின் டர்பைன் சோதனைக்கூடத்திலும் இத்திசையில் அருமையான பணி நடந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது எப்போது நிறுத்துவது என்ற கேள்வி. நாத்பா ஜாக்ரியில் வண்டல் 5000 பிபிஎம்மை (எடையில் பத்து லட்சத்தில் 5000 பங்கை) தாண்டினால் இயந்திரங்களை நிறுத்துகிறார்கள். முழுத் திறனில் ஓடும்போது அந்தக் கலங்கல், நொடிக்கு ஏறத்தாழ இரண்டு டன் வண்டலுக்குச் சமம். பல நிலையங்களில் இன்னும் புட்டியில் நீர் எடுத்து, வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டுத்தான் அளவு சொல்கிறார்கள்; விடை வருவதற்குள் அந்த மணல் டர்பைனைக் கடந்துவிடுகிறது. ஓடும் நீரிலேயே மணலின் அளவோடு குவார்ட்ஸின் பங்கையும் உடனுக்குடன் சொல்லும் கருவி ஒன்றைத்தான் இப்போது முயன்றுகொண்டிருக்கிறேன். அடுத்த ஜூன் மாதம் அதை முதன்முறையாக ஆற்றில் இறக்க இருக்கிறோம்.