மாணவர் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கலாமா?

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, பொறியாளர் சங்கத்தில் மாணவர் உறுப்பினராகப் பணம் கட்டினேன், ஒரு அட்டையும் அடிக்கடி மின்னஞ்சலும்தான் வருகிறது, புதுப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா வைத்திருப்பதற்கென்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. இந்தச் சங்கங்கள் உருப்படியாகச் செய்யும் வேலை என்று நான் நினைப்பது போட்டிகளைத்தான். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ.யின் ஃபார்முலா எஸ்.ஏ.ஈ. போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: மாணவர்களே சின்ன ரேஸ் கார் ஒன்றை வடிவமைத்து, கட்டி, ஓட்ட வேண்டும், மொத்தம் 1000 புள்ளி, அதில் 325 கார் நகராமலே கிடைப்பவை, அதாவது வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, திட்டத்தை விளக்கிப் பேசுவதற்கு 75. 'இந்த இடத்தில் ஏன் இந்தத் தடிமன்?' என்று துறையில் வேலை பார்க்கும் ஒருவர் நடுவராக வந்து நேருக்கு நேர் கேட்கும்போது, புத்தகத்தில் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. சிவில்காரர்களுக்கு அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.சி.ஈ.யின் கான்கிரீட் படகுப் போட்டி. (ஆமாம், மிதக்கும்!)

அப்புறம், கண்ணில் படாத வேலையும் உண்டு. அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட், 1932-இல் வேறு பெயரில் பொறியாளர் அமைப்புகள் சில சேர்ந்து தொடங்கியதுதான். இன்றும் கல்லூரிக்குப் போய் மதிப்பிடுபவர்கள் தன்னார்வலர்கள்.

சரி, கல்லூரிக் கிளைக்குப் போய் எந்தப் போட்டிக்கு அணி இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் உதவித்தொகைகளைப் பாருங்கள், சிலவற்றுக்கு உறுப்பினராக இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். இரண்டும் சரிப்படவில்லையா, அந்தப் பணத்தை ஒரு நல்ல வெர்னியர் காலிப்பருக்கு எடுத்துவையுங்கள்.